மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றும் முறையும் கழிவெண்ணெயின் கதியும்

(உழவர்கரைப் பகுதிக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்க்கான பிரசங்கம்)



உழவர்கரை என்னும் பெயரே இவ்வூரார் பரம்பரையாய்ச் செய்துவந்த தொழில் இன்னதென்று சொல்லிவிடும். பிரெஞ்சுக்காரர் தங்கள் தஸ்தாவேஜுகளில் இதனை ‘ஊல்கரே’ என்று எழுதிவந்தார்கள். 1954-ம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்தில் சேர்ந்தது. அதன் பிறகு வயலும் தோப்புமாயிருந்த இடங்களில் தெருக்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கில் உழவர்கரை நகராட்சியின் ஜனத்தொகை 3 லட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு மாறுதல்களுக்கிடையிலும் மாறாத விஷயம் ஒன்றுண்டு. பாரம் சுமக்க ஒரு வண்டி எக்காலத்தும் குடும்பத்துக்கு வேண்டியிருக்கிறது. முன்பு கொட்டகையில் மாட்டுவண்டி நின்றது. இப்பொழுது அவ்விடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பால் கேன் பால் சங்கத்துக்குப் போவதும், கீரைக்கட்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போவதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் அதன்மேல்தான்.

மாட்டுவண்டிக் காலத்தில் அச்சுக்கு மை இடாமல் வண்டி பூட்டிய குடியானவன் ஒருவனும் இல்லை. ஆமணக்கெண்ணெயில் வைக்கோற்கரியைக் குழைத்துச் செய்த வண்டிமையை அவனே தயாரித்தான், அவனே இட்டான். அந்த வேலைக்குக் கூலிக்கு ஆள் தேடியதில்லை. மோட்டார் யந்திரங்கள் தோன்றிய ஆரம்ப காலத்தில் அவற்றுக்கும் ஆமணக்கெண்ணெயே பெரிதும் உதவியது. லண்டனில் சார்லஸ் வேக்பீல்டு என்பவர் 1899-ல் தொடங்கிய கம்பெனி, ஆமணக்கெண்ணெய் கலந்து தயாரித்த தன் எண்ணெய்க்கு 1909-ல் ‘காஸ்ட்ரால்’ என்று பெயரிட்டது. ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘காஸ்டர்’ என்னும் பெயரிலிருந்தே அது பிறந்தது. 1914 முதல் 1918 வரையில் நடந்த மகாயுத்தத்தில் பறந்த ஆகாயவிமானங்கள் பலவற்றின் சுழலும் இஞ்சின்களுக்கும் ஆமணக்கெண்ணெயே உயவாயிற்று. பிற்காலத்தில் பூமியிலிருந்து எடுக்கும் கனிஜ எண்ணெய் அதன் இடத்தைப் பிடித்தது.

வண்டிமை இடுவதை மறவாத குடியானவனின் பேரன், இஞ்சின் எண்ணெய் மாற்றுவதை மறந்துவிடுவதேன்? மாட்டுவண்டியின் அச்சு மை வற்றியதும் கீச்சென்று கூவித் தன் குறையைத் தானே சொல்லும். இஞ்சினோ, உள்ளே தேய்ந்துகொண்டே வெளியே வழக்கம்போல் ஓடும். அது சத்தமிடத் தொடங்கும்போது கேடு முற்றியிருக்கும். ஆகையால் எண்ணெய் மாற்றும் முறையை அங்கத்தினர் ஒவ்வொருவரும் தெரிந்திருப்பது நலம். அதோடு சேர்ந்தே தெரிந்திருக்கவேண்டிய மற்றொரு விஷயமும் உண்டு. கழற்றி எடுத்த கறுப்பெண்ணெய் எங்கே போகிறது என்பதே அது. முன்னது ஒரு வீட்டின் செலவைப் பற்றியது. பின்னது ஊர் முழுவதும் குடிக்கும் தண்ணீரைப் பற்றியது.

எண்ணெய் செய்யும் வேலை

இஞ்சின் நிமிஷத்துக்கு 4000 சுற்று சுற்றும்போது, ஒரு விநாடிக்குள் அதன் தண்டு 66 தடவைக்கு மேல் சுழல்கிறது. அத்தனை தடவையும் பிஸ்டன் சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய்வருகிறது. இரும்பும் அலுமினியமும் நேரே உராய்ந்தால் சில நிமிஷங்களிலேயே இஞ்சின் இறுகி நின்றுவிடும். அவ்வாறு உராயாமல் நடுவில் மெல்லிய படலமாய் நிற்பது எண்ணெயின் முதல் வேலை. உஷ்ணத்தை எடுத்துச் செல்வது இரண்டாவது. கரியையும் உலோகத் துகளையும் தன்னிடத்தே தாங்கிக்கொள்வது மூன்றாவது. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் உள்ள இடைவெளியை அடைப்பதும், துருப்பிடியாமல் காப்பதும் மற்ற வேலைகள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கியர் சக்கரங்களும் கிளட்ச் தட்டுகளும் இதே எண்ணெயில்தான் மூழ்கியிருக்கின்றன. கார் எண்ணெய்க்கு இல்லாத இந்தப் பாரமும் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கு உண்டு.

எண்ணெய் கறுத்துப் போவதைக் கண்டு அது தரக்குறைவானதென்று சிலர் எண்ணுவர். கரியைத் தன்னிடத்தே பிடித்துவைத்திருப்பதால்தான் அது கறுக்கிறது. ஆனால் எவ்வளவு அழுக்கைத் தாங்குவதற்கும் ஓர் எல்லையுண்டு. எண்ணெயில் கலந்துள்ள மருந்துச் சரக்குகளும் நாளடைவில் செலவாகிவிடும். உழவர்கரையிலிருந்து நகரத்துக்குச் சில மைல் போய்த் திரும்புவதே பல வண்டிகளின் தினசரி ஓட்டம். இவ்விதக் குறுகிய ஓட்டத்தில் இஞ்சின் நன்றாய்ச் சூடேறுவதற்குள் நின்றுவிடும். உள்ளே உண்டாகும் நீராவியும், எரியாத பெட்ரோலும் வெளியேறாமல் எண்ணெயிலேயே தங்கிவிடும். கடற்காற்றும் ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உள்ள இப்பிரதேசத்தில் இதனை முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். குறைவாய் ஓடும் வண்டிக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது எண்ணெய் மாற்ற வேண்டுமென்று சொல்வது இதனாலேயே.

எவ்வண்டிக்கு எவ்வெண்ணெய்

எல்லா வண்டிக்கும் ஒரே விதி பொருந்தாது. 1980-ல் வெளிவந்த டி.வி.எஸ். 50 போன்ற பழைய மொபெட்டுகள் இரண்டு அடி இஞ்சின் உடையவை. அவற்றில் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றுவது வழக்கம்; அது பெட்ரோலோடு எரிந்துபோகும். அவ்விஞ்சினில் வடித்து மாற்றுவதற்கு எண்ணெய் இல்லை. 1985-ல் ஹீரோ ஹோண்டா ஸி.டி. 100 வந்தது முதல் பெட்ரோல் குறைவாய்க் குடிக்கும் நான்கு அடிச் சிறுவண்டிகள் கிராமந்தோறும் பரவின. இவற்றில் இஞ்சினின் அடிப்பாகத்தில் எண்ணெய் தங்கி நின்று சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது. அதனைக் காலந்தவறாமல் மாற்ற வேண்டும். சென்னையை அடுத்த திருவொற்றியூரில் வளர்ந்த என்ஃபீல்டு புல்லட்டும் நான்கு அடி இஞ்சினே. எனினும் அதன் பழைய வார்ப்பிரும்பு இஞ்சின்களில் இஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் பெட்டி ஆகிய மூன்றுக்கும் எண்ணெய் தனித்தனி. ஒன்றை மாற்றி மற்றவற்றை மறந்தால் பாதி வேலையே முடிந்ததாகும். பெண்கள் அதிகமாய் ஓட்டும் கியரில்லாத ஸ்கூட்டர்களிலும் பின்சக்கரத்துக் கியர் எண்ணெய் வேறாக இருக்கும்.

எண்ணெய்க் கேனின்மேல் ‘10 டபிள்யூ 30’, ‘20 டபிள்யூ 40’ என்றெல்லாம் அச்சிட்டிருக்கும். முதல் எண் குளிர்ந்த நிலையில் எண்ணெய் எவ்வளவு இளக்கமாய் ஓடும் என்பதையும், இரண்டாவது எண் சூடேறிய நிலையில் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கும். கெட்டியான எண்ணெயே நல்லதென்று எண்ணி அதிக எண்ணை வாங்குவது தவறு. இஞ்சினின் இடைவெளிகளுக்கேற்ப எது தக்கதென்று வண்டியைச் செய்தவர்கள் கைப்புத்தகத்தில் குறித்திருக்கிறார்கள்; அதையே வாங்க வேண்டும். அத்தோடு ‘ஜாசோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ. 2’ என்ற குறியும் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் வழுக்காமல் பிடிக்கும் என்பதற்கு ஜப்பானிய மோட்டார் தொழிலார் ஏற்படுத்திய குறி அது. விலை குறைவென்று கார் எண்ணெயை ஊற்றினால், உராய்வைக் குறைக்கும் அதன் சரக்குகளால் கிளட்ச் வழுக்கி, ஏற்றத்தில் இஞ்சின் இரைந்தும் வண்டி ஏறாமல் நிற்கும்.

போலி எண்ணெய் விற்பனையும் உண்டு. காலிக் கேன்களைச் சேகரித்து, அவற்றில் மட்டமான எண்ணெயை அடைத்து விற்பது அவ்வியாபாரத்தின் தந்திரம். முத்திரை குலையாத கேனை ரசீதோடு வாங்குவதும், காலிக் கேனை முழுசாய் விற்காமலிருப்பதும் அங்கத்தினர் செய்யக்கூடிய தடுப்பு.

எப்பொழுது மாற்றுவது

புது வண்டிக்கு முதல் மாற்றம் 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் வரும். புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தும்போது உதிரும் உலோகத்தூளை வெளியேற்றுவதற்காகவே அது. பிறகு சில வண்டிகளுக்கு 3000 கிலோமீட்டர், சிலவற்றுக்கு 5000 அல்லது 6000, அண்மையில் வந்த சிலவற்றுக்கு 10,000 வரையிலும் கூடச் சொல்லப்படுகிறது. கைப்புத்தகமே இதற்குப் பிரமாணம். இலவசப் பராமரிப்பும் உத்தரவாதமும் உள்ள காலத்தில் கம்பெனிப் பட்டறையிலேயே மாற்றுவது உசிதம். வீட்டில் மாற்றினால் பின்னால் உத்தரவாதம் கேட்கும்போது தகராறு வரக்கூடும்.

இவ்விஷயத்தில் வீடுகளில் அடிக்கடி நடக்கும் சம்பாஷணை ஒன்றுண்டு. “மாப்பிள்ளை, வண்டிக்கு ஆயில் மாற்றி எத்தனை மாதமாகிறது?” என்று மாமனார் கேட்பார். “எண்ணெய் குறையவில்லையே மாமா, குறைந்தபோது கொஞ்சம் ஊற்றிக்கொண்டுதானே இருக்கிறேன்” என்பார் மருமகப்பிள்ளை. “பழைய குழம்பில் புதுக் குழம்பை ஊற்றினால் புதிதாகிவிடுமா?” என்று அடுக்களையிலிருந்து மாமியார் கேட்டால் அதற்குப் பதில் வராது. குறைந்ததை நிரப்புவது வேறு. அழுக்கை வெளியேற்றுவது வேறு. நிரப்புவதால் அளவு சரியாகும். அழுக்கு அப்படியே இருக்கும்.

மாற்றும் முறை

இதற்கு வேண்டிய சாமான்கள் மிகச் சில. புது எண்ணெய், வடிபோல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், புது வாஷர், 2 லிட்டராவது கொள்ளும் அகன்ற பழைய தட்டு அல்லது பேசின், புனல், கந்தைத் துணி, ரப்பர் கையுறை, சிறிது மரத்தூள் அல்லது மணல் ஆகியவை போதும். நூறு ஸி.ஸி. வண்டிகள் பலவற்றுக்கு 17-ம் எண் ஸ்பேனர் பொருந்தும். இதற்கென்று எடுத்த பேசினை மறுபடியும் அடுக்களைக்கோ மாட்டுக்கொட்டகைக்கோ கொண்டுபோகலாகாது.

முதலில் இஞ்சினை மூன்று நான்கு நிமிஷம் ஓடவிட வேண்டும். இளஞ்சூடான எண்ணெய் இளகி ஓடும். அடியில் தங்கிய அழுக்கும் கலங்கி அதனோடு வெளிவரும். இதனைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும். மூடிய அறையில் இஞ்சின் புகை உயிருக்கு அபாயம். நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியானால் சற்று ஆறவிட வேண்டும். கொதிக்கும் எண்ணெய் கையைச் சுடும்; அருகிலுள்ள சைலன்சர் குழாயும் சுடும்.

பிறகு சமதரையில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பேசினை இஞ்சினுக்கடியில் வைக்க வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியை முதலில் திறந்துவிட்டால் காற்று உட்புகுந்து எண்ணெய் தடையின்றி வடியும். அடியிலுள்ள வடிபோல்ட்டைக் கழற்றும்போது பலர் திசை தவறுகிறார்கள். கீழிருந்து போல்ட்டின் தலையை நேரே பார்ப்பவருக்கு இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். மேலிருந்து குனிந்து பார்ப்பவருக்கு அது வலஞ்சுழியாகத் தோன்றும். இத்தோற்றத்தில் மயங்கி எதிர்த்திசையில் பலங்கொண்டு முறுக்கினால் மரை அறுந்துவிடும். போல்ட்டு தளர்ந்த பின் விரலால் மெதுவாய்க் கழற்றி, பத்து நிமிஷம் எண்ணெய் முழுவதும் வடியும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

வடிந்த எண்ணெயை ஊன்றிப் பார்ப்பது வைத்தியர் நாடி பார்ப்பதற்கு ஒப்பாகும். கறுத்திருப்பது இயல்பு. பால் கலந்த காப்பிபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறதென்று அர்த்தம். போல்ட்டின் முனையில் மிக நுண்ணிய சாம்பல்நிறப் பொடி சிறிது ஒட்டியிருப்பது பெரிதல்ல. விரலில் உறுத்தும் உலோகச் சில்லுகள் தென்பட்டால், உள்ளே ஏதோ ஒரு பாகம் உடைந்து வருகிறதென்று அறிந்து மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். வந்த எண்ணெயின் அளவையும் பார்க்க வேண்டும். ஊற்றியதில் பெரும்பகுதி காணாமற் போயிருந்தால் ஒழுக்கோ, எரிப்போ இருக்கிறது.

புல்லட், பல்சர் முதலிய வண்டிகளில் எண்ணெய் வடிகட்டி ஒன்று இருக்கும். கைப்புத்தகம் சொல்லும் தவணைப்படி அதனையும் அதன் ரப்பர் வளையத்தையும் புதிதாக்க வேண்டும். நூறு ஸி.ஸி. சிறுவண்டிகள் சிலவற்றில் அது இல்லை. கம்பிவலைச் சல்லடையும், சுழற்சியால் அழுக்கை ஒதுக்கும் சிறு கிண்ணமும் இஞ்சினுக்குள்ளேயே இருக்கும். அவற்றைத் திறந்து சுத்தம் செய்வதைப் பட்டறைக்கு விட்டுவிடலாம்.

எண்ணெய் வடிந்ததும் போல்ட்டையும் அது அமரும் இடத்தையும் துடைத்து, புது வாஷர் மாட்டி, முதலில் விரலாலேயே நான்கைந்து சுற்று ஏற்ற வேண்டும். விரலுக்குத் தடுத்தால் மரை கோணியிருக்கிறது. கழற்றி மறுபடி நேராய் வைக்க வேண்டும். கடைசியில் ஸ்பேனரால் இறுக்கும்போது அளவு தெரிந்து இறுக்குவது முக்கியம். இஞ்சினின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட்டு இரும்பு. பலசாலி ஒருவர் ஸ்பேனரில் குழாய் மாட்டி இறுக்கினால், சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இஞ்சினின் அடிப்பெட்டியையே மாற்றும் செலவு வந்து சேரும். வீட்டில் எண்ணெய் மாற்றுவோரிடம் அதிகமாய் நேரும் நஷ்டம் இதுவேயாகும்.

பின்பு கைப்புத்தகம் சொல்லும் அளவு புது எண்ணெயைப் புனல் வைத்து ஊற்ற வேண்டும். நூறு ஸி.ஸி. வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே வேண்டியிருக்கும். ஒரு லிட்டர்க் கேனை வாங்கினோம் என்பதற்காக முழுவதையும் கவிழ்க்கலாகாது. எண்ணெய் அதிகமானாலும் தண்டு அதனைக் கடைந்து நுரையாக்கும். அழுத்தம் கூடி எண்ணெய் கசியும். மூடியை இட்டு இரண்டு மூன்று நிமிஷம் இஞ்சினை ஓட்டி நிறுத்தி, மறுபடி இரண்டு மூன்று நிமிஷம் கழித்து அளவுகுச்சியைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் குச்சியைத் திருகாமல் அப்படியே வைத்துப் பார்ப்பது முறை. கீழ்க்கோட்டுக்கும் மேற்கோட்டுக்கும் நடுவே எண்ணெய் நின்றால் சரி. வடிபோல்ட்டருகே துணியால் துடைத்து, கசிவு இல்லையென்று நிச்சயித்துக்கொள்ள வேண்டும். தேதியையும், மீட்டரில் கண்ட கிலோமீட்டரையும், எண்ணெயின் பெயரையும் சங்கப் பாஸ்புத்தகத்தைப்போல் ஒரு சிறு நோட்டில் எழுதிவைத்தால் அடுத்த தவணை மறவாது.

கையில் ஒட்டிய எண்ணெயை சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். பெட்ரோலில் கழுவுவது தீமையின்மேல் தீமை. இஞ்சினில் எரிந்து பழகிய எண்ணெயில், தோலில் புற்றுநோய் உண்டாக்கவல்ல பொருள்கள் சேர்கின்றன. ஒருநாள் பட்டதால் பயமில்லை. தினந்தோறும் எண்ணெயில் நனைந்த துணியை உடுத்தி வேலை செய்வோருக்கே அபாயம் அதிகம். எனினும் கையுறை அணிவது எளிது. பிள்ளைகளை அருகில் விடாதிருப்பது அதனினும் எளிது.

கறுப்பெண்ணெய் எங்கே போகிறது?

இதுவரையில் சொன்னதெல்லாம் ஒரு வீட்டின் லாபநஷ்டம். பேசினில் நிற்கும் அந்த ஒரு லிட்டர்க் கறுப்பெண்ணெயிலிருந்து ஊரின் லாபநஷ்டம் தொடங்குகிறது. பலர் அதனை வேலியோரத்தில் கொட்டுகிறார்கள். சிலர் சாக்கடையில் விடுகிறார்கள். சிலர் குப்பையோடு கொளுத்துகிறார்கள்.

புதுச்சேரி நகரத்துக்கும் உழவர்கரைக்கும் குடிநீர் எங்கிருந்து வருகிறதென்பதை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். காவிரிபோல் ஒரு ஜீவநதி இங்கே குடிநீர் தருவதில்லை. பூமிக்கடியில் மணலிலும், கடலூர் மணற்கல் அடுக்கிலும் தங்கிய நீரையே ஆழ்குழாய்க் கிணறுகள் இறைத்துத் தருகின்றன. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனது உழவர்கரையைச் சேர்ந்த முத்திரைப்பாளையத்திலிருந்துதான். கடற்கரையருகே பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம், 19-ம் நூற்றாண்டில் அந்நீர் நகரத்துக்கு வந்ததன் நினைவாக எழுந்தது. மழைநீரை எளிதில் உள்ளே விடும் மணற்பாங்கான நிலமே இவ்வூருக்கு நல்ல தண்ணீரைக் கொடுத்தது. அதே நிலம் கறுப்பெண்ணெயையும் தடுக்காமல் உள்ளே விடும்.

அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. ஒரு காரில் ஒரு தடவை மாற்றிய எண்ணெய் 10 லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கவல்லதென்பது அதன் எச்சரிக்கை. காரின் எண்ணெய் ஏறத்தாழ ஒரு கேலன் என்று வைத்தால், பத்து லட்சத்தில் ஒரு பங்கு எண்ணெய் கலந்தாலே தண்ணீர் குடிக்கத் தகாததாகிறது. இவ்விகிதப்படி மோட்டார் சைக்கிளின் 900 மில்லி எண்ணெய் 9 லட்சம் லிட்டர் தண்ணீரைக் கெடுக்கும். நகரங்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் வழங்கும் திட்டக் கணக்கு. ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 675 லிட்டர் ஆகிறது. 9 லட்சம் லிட்டர் அக்குடும்பத்துக்கு மூன்றரை வருஷத்துக்கு மேல் வரும். வேலியோரத்தில் ஒரு நிமிஷத்தில் கொட்டிய எண்ணெய்க்கு இவ்வளவு பலமுண்டு. கொட்டியது முழுவதும் உடனே கிணற்றைச் சேர்ந்துவிடுமென்பதில்லை. மண் ஓரளவு பிடித்துவைக்கும். ஆனால் மண்ணில் தங்கியது மழைதோறும் சிறிது சிறிதாய் இறங்கிக்கொண்டேயிருக்கும். நிலத்தடி நீர் ஒருமுறை கெட்டால் அதனைச் சுத்தம் செய்வது எவராலும் எளிதில் ஆகாத காரியம்.

கழிவெண்ணெயை வீணாக்காமல் உபயோகிக்கிறோமென்று சிலர் சொல்வதுண்டு. கரையான் வராமல் வேலிக்காலுக்கும் கதவுக்கும் பூசுகிறார்கள். கட்டட வேலையில் சென்ட்ரிங் பலகைக்குத் தடவுகிறார்கள். மழையில் அதுவும் கழுவப்பட்டு மண்ணுக்கே போகிறது. கொசு ஒழிய வேண்டிக் குட்டையிலும் சாக்கடையிலும் விடுகிறார்கள். தேங்கிய நீரில் எண்ணெய்ப் படலம் பரப்பிக் கொசுப்புழுவைத் திணற அடிப்பது மலேரியா ஒழிப்பு வேலையில் முற்காலத்தில் கையாண்ட முறைதான். ஆனால் இஞ்சினில் பழகிய எண்ணெயில் துத்தநாகமும், தேய்ந்த இரும்பு, செம்பு, அலுமினியத் துகள்களும், கரியும் உண்டு. அது கொசுவோடு நின்றுவிடாமல் மீனையும் தவளையையும் கொன்று, ஏரிக்கும் போய்ச் சேரும். கனகன் ஏரியும் ஊசுட்டேரியும் அருகிலுள்ள ஊரார் இதனைச் சாதாரணமாய் எண்ணலாகாது. கொளுத்துவதும் பரிகாரமாகாது, உலோகங்கள் எரிந்து மறைவதில்லை, புகையோடு எழுந்து அடுத்த வீட்டுக் கூரையில் இறங்கும்.

சட்டமும் இவ்விஷயத்தில் தெளிவாயிருக்கிறது. மத்திய அரசாங்கத்தின் 2016-ம் வருஷத்து அபாயகரமான கழிவுகள் விதிகள், உபயோகித்த எண்ணெயை அபாயகரமான கழிவுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. அதனை வாங்கிச் சுத்தம் செய்ய அனுமதி பெற்றவர்களுக்கே கொடுக்க வேண்டும். 2023-ல் செய்த திருத்தத்தின்படி, 2024-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி முதல், எண்ணெயைத் தயாரித்து விற்போரும் இறக்குமதி செய்வோரும் உபயோகித்த எண்ணெயின் மறுசுத்திகரிப்புக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்களாகிறார்கள்.

இவ்வாறு சேகரிப்பதில் நன்மையும் உண்டு. எண்ணெய் என்பது தேய்ந்து போகும் வஸ்துவன்று, அழுக்கேறும் வஸ்து. தண்ணீரையும் கரியையும் உலோகத்தையும் பிரித்தெடுத்து, காய்ச்சி வடித்து, மருந்துச் சரக்குகளைப் புதிதாய்ச் சேர்த்தால் மறுபடியும் இஞ்சினுக்கு உதவும் எண்ணெயாகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பெட்ரோல், மண்ணெண்ணெய், பெயிண்ட், தண்ணீர், சமையலெண்ணெய் ஆகிய எதுவும் அதில் கலந்திருக்கலாகாது.

வீட்டில் செய்யவேண்டியது இவ்வளவே. பேசினில் வடித்த எண்ணெயைப் புது எண்ணெய் வந்த அதே கேனில் புனல் வைத்து ஊற்றி, இறுக மூடி, ‘கழிவெண்ணெய்’ என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் நிழலில் வைக்க வேண்டும். குடிதண்ணீர்ப் பாட்டிலிலும் குளிர்பானப் பாட்டிலிலும் ஊற்றவே கூடாது. தாகத்தோடு வரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. தரையில் சிந்தியதை மரத்தூளோ மணலோ தூவி உறிஞ்சவைத்துக் கூட்டி எடுத்து, எண்ணெய்க் கந்தையோடு ஒரு பையில் தனியே கட்டிவைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அத்தனையும் சாக்கடைக்குப் போகும்.

சங்கம் செய்யக்கூடிய காரியம்

ஒரு லிட்டர்க் கழிவெண்ணெயை வாங்க எந்த வியாபாரியும் ஒரு வீட்டு வாசலுக்கு வரமாட்டார். தனி ஒருவருக்கு முடியாத காரியம் பலர் சேர்ந்தால் முடியும் என்பதே கூட்டுறவின் ஆதாரம். ஒரு சங்கத்தில் 200 அங்கத்தினர்களிடம் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள் இருக்கிறதென்றும், வருஷத்துக்கு மூன்று தடவை 900 மில்லி வீதம் எண்ணெய் மாற்றுகிறார்களென்றும் வைத்துக்கொண்டால், வருஷத்தில் 540 லிட்டர் சேரும். 200 லிட்டர் டிரம் ஏறக்குறைய மூன்று நிறையும். அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளர் அதற்காக வண்டி அனுப்பக்கூடும். கிடைக்கும் தொகை எவ்வளவு சிறிதாயினும் சங்கத்தின் பொதுநிதிக்கு ஆகும்.

இதற்கு மூன்று காரியங்கள் வேண்டும். முதலாவது, டிரம் வைப்பதற்கு முன்னதாகச் சங்க நிர்வாகிகள் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்தை அணுகி, இவ்விதம் சேகரித்து வைக்க எவ்வித அனுமதி தேவை, யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதைக் கேட்டு எழுத்துமூலம் பெற வேண்டும். இரண்டாவது, டிரம் கூரைக்கடியில், சிமெண்டுத் தரையில், சிந்தினால் தேங்கி நிற்கும்படி சுற்றிலும் சிறு வரப்புக் கட்டிய இடத்தில், அடுப்பு, வைக்கோற்போர், கிணறு ஆகியவற்றுக்குத் தூரத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, கொண்டுவந்தவர் பெயரும் அளவும் பதியும் ரிஜிஸ்தர் ஒன்று வேண்டும். பாலை அளந்து எழுதத் தெரிந்த சங்கத்துக்கு இதனை அளந்து எழுதுவது புதிதல்ல. அக்கம்பக்கத்து மெக்கானிக் பட்டறைகளையும் இதில் சேர்த்துக்கொண்டால் பலன் பன்மடங்காகும்; வீட்டில் மாற்றுவோரைக் காட்டிலும் பட்டறையில் மாற்றுவோரே அதிகம்.

இதே கட்டுப்பாட்டால் புது எண்ணெயிலும் லாபமுண்டு. அங்கத்தினர்களின் வண்டி வகைகளைக் கணக்கெடுத்து, அவற்றுக்கேற்ற எண்ணெயைச் சங்கம் மொத்தமாய் நம்பகமான விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்கினால் போலி எண்ணெய் உள்ளே நுழையாது. ஸ்பேனர், புனல், பேசின் ஆகிய ஒரு ஜதைச் சாமான் சங்கத்தில் இருந்தால் வீட்டுக்கொன்று வாங்க வேண்டியதில்லை. பழைய கேனைக் கழிவெண்ணெயோடு கொண்டுவந்தவருக்கே புதுக் கேன் என்று ஒரு விதி வைத்தால், இரண்டு காரியமும் ஒன்றாய் முடியும்.

அங்கத்தினர்களே, நல்ல தண்ணீருள்ள கிணறு இருக்கும் வீட்டைப் பெரியவர்கள் பாக்கியமுள்ள வீடென்று சொல்வார்கள். உழவர்கரையின் நிலம் அந்தப் பாக்கியத்தை ஊர் முழுவதற்கும் வெகுகாலமாய்க் கொடுத்துவந்திருக்கிறது. அடுத்த தடவை எண்ணெய் மாற்றும் அங்கத்தினர் பேசினைத் தூக்கிக்கொண்டு வேலிப்பக்கம் நடப்பதற்கு முன், அவ்வேலிக்கு அப்பால் எவ்வளவு தூரத்தில் கிணறு இருக்கிறதென்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பாராக. அவ்வாறு பார்த்தவர் கேனைத் தேடி உள்ளே வருவார் என்பதில் சந்தேகமில்லை. அந்தக் கேனை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பதென்ற கேள்விக்கு, வருகிற பொதுக்கூட்டத்திலேயே சங்கம் ஒரு விடை காணவேண்டும்.